பெயர் யாருக்கு உரியது?

பேரா ஆறு கடலோடு கலக்கும் கரையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்தது எங்கள் பாகான் டத்தோ. மலாய் மொழியில் ‘பாகான்’ என்பது படகுத்துறையைக் குறிக்கும். ‘டத்தோ’ என்பது தலைவரையும் குறிக்கும், பாட்டனாரையும் குறிக்கும். எப்பொருள் கொண்டாலும் ஊரின் பெயரிலேயே ஒரு மூத்தவர் வீற்றிருக்கின்றார். தமிழரோ மகன் பெற்ற மகனைப் ‘பேரன்’ என்கின்றனர். ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ என மருவியது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தமக்குப் பின்னும் தம் பெயர் நிலவவேண்டும் என்னும் மாந்தரின் வேட்கை ஓர் உறவுச் சொல்லாகவே நம் மொழியில் உறைந்துவிட்டது.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. வாய் திறந்து ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டா’ என்றோ சொல்லவியலாத ஒரு குழந்தையின்மீது, அது சாகுந்துணையும் சுமக்கவேண்டிய ஒரு சொல்லை ஏற்றி வைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? அப்பெயர் வைத்தவருக்கு உரியதா, அழைப்பவருக்கு உரியதா, சுமப்பவருக்கு உரியதா?

பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்தார். ‘மரம்’ இடுகுறி, ‘பறவை’ காரணப்பெயர். வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம் இது. ஆனால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயர் இவ்விரண்டனுள் எதில் அடங்கும்? ‘வீரமணி’ என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆனால், எறும்பு கடித்தாலும் வீறிட்டழும் பச்சிளங்குழந்தைக்கு வீரம் ஏது? ‘அறிவுச்செல்வி’ என்பதற்கும் பொருள் உண்டு. அச்செல்வியோ இன்னும் தாய் முகமும் அறியாதவள். பொருள் சொல்லில் இருக்கின்றது. பொருளுக்குரிய காரணம் குழந்தையிடம் இல்லை. காரணம் முழுவதும் பெயர் வைத்தவர் நெஞ்சில்தான் இருக்கின்றது. ஆகவே, பெயரைக்கொண்டு நாம் அறிவது குழந்தையை அன்று, பெற்றோரை.

இதற்குச் சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மாதவி பெற்ற மகளுக்குக் கோவலன் ‘மணிமேகலை’ எனப் பெயரிடச் செய்கின்றான். முன்னொரு காலத்தில் கலம் உடைந்து கடலில் தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த கடல்தெய்வத்தின் பெயர் அது. ஒரு குடும்பத்தின் நன்றிக்கடன் ஒரு பெண்குழந்தையின் பெயராயிற்று. பாட்டி சித்திராபதியோ அக்குழந்தை ஆடலரங்கில் குலத்தொழிலைத் தொடரும் என எதிர்பார்த்தாள். ஆனால், மணிமேகலை இருவர் எண்ணத்திலும் அடங்கினாள் அல்லள். பசிப்பிணி தீர்த்த துறவியானாள். இன்று அப்பெயரைக் கேட்கும் தமிழர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது கடல்தெய்வம் அன்று. அமுதசுரபி ஏந்திய அவ்விளம்பெண்ணே. தெய்வத்திடமிருந்து கடன்பெற்ற பெயரைத் தன் செயலால் அவள் தனதாக்கிக் கொண்டாள்.

கடல்கடந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோரும் இத்தகைய கடன்களைப் பெயர்களில் சுமந்தே வந்தனர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை, கங்காணிமாரோடு கப்பலேறி வந்தவர்களுள் முனியாண்டிகளும் மாரியம்மாள்களும் கருப்பையாக்களும் நிறைந்திருந்தனர். ஊரெல்லையில் விட்டுவந்த காவல்தெய்வம் பெயராக உடன்வந்தது. பிச்சை, குப்பை என்று பெயர் தாங்கியவர்களும் அவர்களிடையே உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறக்க, எஞ்சிய ஒன்றையேனும் காலன் மதியாது விட்டுப்போகட்டும் என்று வைக்கப்பட்ட பெயர்கள் அவை. கேட்போர் நகைப்பர், அப்பெயருக்குப் பின்னே அழுத தாயை அறிந்தவர் நகையார்.

ஆனால், எல்லா இழிபெயரும் அன்பினால் வந்தன அல்ல என்பதையும் மறைப்பதற்கில்லை. இன்னார் பெயர் ‘அன்’ விகுதியோடு நிற்கவேண்டும், இன்னார் பெயருக்கு ‘ஆர்’ விகுதி சேரவேண்டும் என்று சாதி வரையறுத்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர். கந்தசாமி எனப் பெற்றோர் வைத்திருந்தாலும், மிராசுதாரரின் வாயிலில் அவர் ‘கந்தன்’தான். தோட்டத்துக்கு வந்தபின் கிராணியார் தம் காதில் விழுந்தவாறு ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார். விடியுமுன் பெரட்டில் வாசிக்கப்பட்டது அந்த எழுத்து வடிவமே. நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரே மக்களின் அடையாளம். ஆகவே, தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டால், பிள்ளைகளும் அப்பிழையின் வாரிசுகளாவர். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இன்றித் தவித்த நம்மவர்க்காக 2011-ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கமே நடத்தவேண்டியிருந்தது. ஓரெழுத்துப் பிழை, ஒரு மனிதனின் குடியுரிமைக்கே கேடாகலாம் என்பதைத் தோட்டப்புற ஆசிரியர் எவரும் அறிவர்.

இவ்விழிவுக்கு எதிராக எழுந்தவையே இருபதாம் நூற்றாண்டின் பெயர் மாற்றங்கள். 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபோது வேதாசலம் மறைமலையானார். 1929-ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களைப் பெயரினின்று நீக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தில், நம் தோட்டத்து லயங்களிலும் இளங்கோக்களும் பூங்கொடிகளும் தமிழ்ச்செல்விகளும் பிறந்தனர். பிச்சையின் மகன் நெடுஞ்செழியன் என அழைக்கப்பட்டது வெறும் ஓசை மாற்றம் அன்று. ஒரு தலைமுறை நிமிர்ந்து நின்றதன் அடையாளம்.

இருப்பினும் ஒரு வேறுபாட்டை நாம் கருதவேண்டும். மறைமலையடிகள் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டார். அது அவர் உரிமை. குழந்தைக்கு இடும் பெயரோ பிறர் விருப்பம். 1953-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சோவியத்துத் தலைவர் ஸ்டாலின் மறைந்த வேளையில், சில நாள்களுக்கு முன் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி அப்பெயரைச் சூட்டினார். இன்று தமிழர் அப்பெயரைச் சொல்லும்போது உருசிய நாட்டை நினைப்பவர் மிகச் சிலரே. தந்தை எண்ணிய பொருள் ஒன்றாயிருக்க, அப்பெயரைச் சுமந்தவரின் வாழ்வு அதற்கு வேறு பொருளை ஈட்டித் தந்தது.

இக்காலத்துப் பெற்றோரோ எண்கணிதக்காரர் சொற்படி ரோமன் எழுத்தில் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் பெயர் அமைக்கின்றனர். பொருள் யாதெனக் கேட்டால், “கேட்க இனிமையாய் இருந்தது” என்கின்றனர். தமிழாசிரியர்களாகிய நாம் இதனைக் கண்டு சினம் கொள்கின்றோம். சினத்தில் நியாயம் உண்டு. ஆனால், நம் கடமை அத்துடன் முடிந்துவிடுமா? இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் என் மாணவி ஒருவர்.

நான் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டு அது. தோட்டப் பள்ளியொன்றில் இடுகுறி, காரணப்பெயர் பாடம் நடத்தினேன். மாணவர் பெயர்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டால் பாடம் சுவைபடும் என்று எண்ணினேன். ஒவ்வொருவராக எழுந்து தம் பெயருக்குப் பொருள் கூறினர். ஒரு சிறுமியின் முறை வந்தது. அவள் பெயரை இங்கு எழுதேன். நான்கு பெண்களுக்குப் பின் ஐந்தாவதாகப் பிறந்தவளுக்கு, ‘இனிப் பெண் வேண்டா’ என்னும் பொருள்பட வைத்த பெயர் அது. அவள் எழுந்து பேசாது நின்றாள். பொருளை நானே சொன்னேன். வகுப்பு கொல்லெனச் சிரித்தது, நானும் முறுவலித்தேன். அவள் அமர்ந்தாள். அவ்வாண்டு முழுவதும் வருகைப் பதிவில் அவள் பெயரை அழைக்கும்போது, கை மட்டுமே உயர்ந்தது, குரல் வரவில்லை.

பல்லாண்டு கழிந்து, கைக்குழந்தையோடு அப்பெண் என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குப் பெயர் வேண்டும் என்றாள். நான் மகிழ்ந்து சங்க இலக்கியத்திலிருந்தும் காப்பியங்களிலிருந்தும் பத்துப் பெயர்களை விளக்கத்தோடு எழுதிக் கொடுத்தேன். அவள் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றே கேட்டாள்: “இதுல எந்தப் பேர வாத்தியார் கூப்பிட்டா புள்ளைங்க சிரிக்காது, சார்?”

எனக்கு மறுமொழி எழவில்லை. சிறிது நேரம் கழித்து, பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டே, நீ ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். “அம்மா வச்ச பேரு, சார். இப்ப லயத்துல யாருக்கு ஒடம்பு சரியில்லன்னாலும் அந்தப் பேரச் சொல்லித்தான் என்னைத் தேடி வர்றாங்க. அந்தப் பழைய அர்த்தம் இப்ப அதுல இல்ல” என்றாள்.

நன்னூலை ஆண்டுதோறும் நடத்திய எனக்கு அதன் உட்பொருள் அன்றுதான் விளங்கிற்று. ‘வேண்டா’ என்று வைக்கப்பட்ட பெயரை, ஊரார் வேண்டித் தேடும் பெயராக அவள் மாற்றியிருந்தாள். குழந்தையின் பெயர் இடுகுறியாகவே பிறக்கின்றது. வாழ்ந்து காட்டிய பின்னரே அது காரணப்பெயர் ஆகின்றது. சங்கப் புலவருள் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றோர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மறைந்துபோயிற்று. அவர்தம் சொல்லோவியமே அவர்க்குப் பெயராகி நின்றது. வைத்தவர் மறைவர், வைத்த காரணமும் மறையும், சுமந்தவர் செய்த செயலே நிற்கும்.

அங்ஙனமாயின் எப்பெயரும் வைக்கலாமோ எனின், ஆகாது. அப்பெண் வென்றாள் என்பது, அவள்மேல் சுமை ஏற்றியதை நியாயமாக்காது. வெல்லாது குனிந்தே போனவர் எத்தனை பேர்? பிள்ளைகள் பிற்காலத்தில் நகைப்புக்கு ஆளாகலாகாது என்னும் நோக்குடன் தேசியப் பதிவிலாகாவும் 2006-ஆம் ஆண்டில் தகாத பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆனால், பட்டியல் வகுப்பறைக்குள் வந்து காவல் நிற்காது. பெயரிடுதல் பெற்றோர்க்கு உரிமை என்பதினும் கடமை என்பதே பொருந்தும். நம் வேட்கையை அன்று, குழந்தையின் நாளையை எண்ணி இடுவதே நற்பெயர். தமிழில் இடுவோம், பொருளறிந்து இடுவோம், பிழையின்றிப் பதிவோம்.

ஆசிரியர்க்கு இன்னுமொரு கடமை உண்டு. பெற்றோர் ஒருமுறைதான் பெயர் வைக்கின்றனர். நாமோ நாள்தோறும் அதனை அழைக்கின்றோம். முனியாண்டியாயினும், எண்கணிதம் ஈன்ற பெயராயினும், அழைக்கும் குரலில் மதிப்பு இருப்பின் அப்பெயர் உயரும். நான் ஒருநாள் முறுவலித்ததற்கு ஈடாக, ஓய்வுபெறும் நாள்வரை ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பெயரையும் முழுமையாக, நிறுத்தி, தலைநிமிர்ந்து அழைத்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்த “உள்ளேன் ஐயா” என்னும் குரலில், ஒரு பெயர் தனக்கு உரியவரைச் சென்றடைவதை நான் கேட்டேன்.