கதவைத் தட்டிய விடை

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், பாஹுதா நதிக்கரையில் எழுந்தருளியிருக்கிறார் காணிப்பாக்கம் ஸ்ரீ வரசித்தி விநாயகர். கிணற்றினுள் சுயம்புவாய்த் தோன்றிய இப்பெருமானின் சந்நிதி, சத்தியப் பிரமாணத்திற்குப் பெயர்பெற்றது. கொடுத்த பணத்தை வாங்கவேயில்லை என்று ஒருவர் மறுத்தால், வழக்கு இங்கே வந்து சேரும். திருக்குளத்தில் மூழ்கி எழுந்து, ஈர உடையுடன் சந்நிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியை அடையும் முன்பே உண்மையை ஒப்புக்கொள்பவர்களும் உண்டு என்பர்.

பாஹுதா நதியைப் பற்றிய கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வருகிறது. தமையன் சங்கரின் தோட்டத்துக் கனியைக் கேளாமல் உண்டுவிட்டார் லிகிதர். தமையன் சொற்படி சுத்யும்ன மன்னனிடம் தாமே சென்று தண்டனை கேட்டார்; கைகளை இழந்தார். பிறகு அந்நதியில் நீராடியபோது கைகள் மீண்டும் முளைத்தன. காணிப்பாக்கத்தில் ஓடுவது அந்த பாஹுதாவே என்பது தலபுராணம்.

நடந்ததைப் பற்றி உண்மை பேச சந்நிதி உதவுகிறது. ஆனால் நாளை என்ன செய்வது என்ற கேள்விக்கு? மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்புவதா, பூர்விக நிலத்தை விற்பதா, வந்த வேலையை ஏற்பதா? ஒருவர் திருவுருவின் மீது பூ வைத்துக் கேட்கிறார். மற்றொருவர் கண்களை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்கிறார். இருவரது பக்தியையும் குறை கூறுவதற்கில்லை. எனினும், வேண்டிய பக்கம் பூ விழும்வரை மீண்டும் மீண்டும் கேட்பவர், விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு இறைவனிடம் கையொப்பம் மட்டுமே கேட்கிறார்.

வீரமாமுனிவர் சார்ந்திருந்த சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், இதற்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்தார். எந்தப் பக்கமும் சாயாத தராசு முள்ளைப் போல மனத்தை முதலில் நடுவில் நிறுத்த வேண்டும். இதுவே மிகக் கடினமான பகுதி. பலர் இங்கேயே நின்றுவிடுவர். அதன்பின், முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலுடன் வந்தால் அவருக்கு என்ன சொல்வோம் என்றும், மரணப் படுக்கையில் கிடக்கும்போது எதைச் செய்திருக்க விரும்புவோம் என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும். அமைதியில் எடுத்த முடிவை, உள்ளம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் மாற்றக்கூடாது என்பதும் அவரது விதி. குடும்பப் பூசல் நடக்கும் இரவில் வேலையை விட்டுவிடத் துணிபவர்கள் இவ்விதியை நினைவில் கொள்வது நல்லது.

விடை எப்பொழுதும் பிரார்த்தனை அறையில்தான் வரும் என்பதில்லை. 1870-ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவ ஊழியர்கள் நிறைந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவ்வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்றே அவர் உறுதி கொண்டிருந்தார். நோயுற்ற தாயாருக்கு உதவத் திண்டிவனம் வந்திருந்த அவர், மீண்டும் அமெரிக்கா செல்லும் நாளை எதிர்நோக்கியிருந்தார்.

1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு. பிராமணர் ஒருவர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றுமாறு வேண்டினார். மருத்துவரான தம் தந்தையை அழைத்து வருவதாக ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் அவளைத் தொட்டுச் சிகிச்சை செய்வதை வந்தவர் ஏற்கவில்லை. அடுத்து ஓர் இஸ்லாமியர் வந்தார். பிறகு மற்றொரு இந்துவும் வந்தார். கோரிக்கையும் ஒன்றே, மறுப்பும் ஒன்றே. மருத்துவம் கற்றிராத அந்த இளம்பெண்ணால் எதுவும் செய்ய இயலவில்லை. உறக்கமின்றிப் பிரார்த்தனையில் கழிந்தது இரவு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அசரீரி எதுவும் ஒலிக்கவில்லை. மருத்துவம் படிக்கப் போவதாக அவர் பெற்றோரிடம் தெரிவித்தார்.

1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவாயிற்று. பெண்களுக்காகவே தொடங்கிய அந்நிறுவனத்தில் ஆண்களையும் சேர்க்கலாமா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தபோது, முடிவு அத்தனை எளிதில் வரவில்லை. நெடுங்காலம் துணை நின்றவர்களே எதிர்த்தனர். ஐடா வருந்தினார், காத்திருந்தார், இறுதியில் இசைந்தார். 1947-இல் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

இதற்கிடையில் அன்றாட வேலை நடந்துகொண்டேயிருந்தது. மாட்டு வண்டியிலும், 1909 முதல் பிஜோ மோட்டார் வண்டியிலும் அவர் குடியாத்தம் சாலையில் செல்வார். நோயாளிகள் எந்த மரத்தடியில் கூடியிருந்தார்களோ, அங்கே வண்டி நின்றது. அவர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் வளாகம் ஒன்று, காணிப்பாக்கம் இருக்கும் அதே சித்தூர் மாவட்டத்தில் குடிபாலா மண்டலத்தில் இன்று இயங்குகிறது.