கையைக் கட்டிக்கொண்டு

ஆகஸ்ட் வந்தால் ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் புதிய பருவம். 9 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி. ஏறக்குறைய எட்டடிக்கு நாலடி மேசை, இரண்டரை நிமிட ஓட்டம். ரிமோட் கிடையாது, எழுதி வைத்த நிரல்தான் ரோபோவை நடத்தும். சேலையூரில் ஒரு மாடி அறையில் நானும் என் அணிப் பிள்ளைகளும் மேசை விரிப்பைப் பிரித்தோம். "எப்ப மிஸ் கட்ட ஆரம்பிக்கலாம்?" மேசையை முதலில் சுற்றி வந்து பாருங்கள் என்றேன்.

*

2025-26 பருவத்துக்குத் தொல்லியல்தான் கரு. ரோபோவோடு, அகழாய்வு செய்பவர்களின் சிக்கல் ஏதாவது ஒன்றுக்குத் தீர்வும் தேட வேண்டும். கீழடி என்றார்கள், எகிப்து என்றார்கள். பல்லாவரத்தை யாரும் சொல்லவில்லை. மின்சார ரயிலில் அன்றாடம் கடக்கிற ஊர்.

1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அது. அவர் நிலவியல் துறைக்காரர். பிரான்சில் ஆற்றுப் படுகையில் கற்கோடரிகள் கிடைத்த செய்தியை அறிந்திருந்தார். அதனால் கண் அந்தக் கல்லில் நின்றது. அதற்கு முன் எத்தனை மண்வெட்டிகள் இப்படிப்பட்ட கற்களைப் புரட்டிப் போட்டிருக்கும்! பார்க்கப் பழகிய கண்ணைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் எனக்கு இந்தப் பருவத்தின் கவலை.

*

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் ரோபோ காலையில் குறி வரை போனது. மாலையில் ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. "நிரல மாத்தவே இல்ல மிஸ்."

காரணம் எனக்குத் தெரியும். மோட்டாருக்கு இவ்வளவு சக்தி, இத்தனை விநாடி என்று மட்டும் எழுதியிருந்தாள். பேட்டரி இறங்க இறங்க, அதே விநாடிகளில் கடக்கும் தூரம் குறையும். ஒரு வரியில் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் சக்கரத்தைத் துடைத்தாள். விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். சக்கரத்தை மாற்றிப் போட்டாள். பிறகு நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே பேட்டரி சதவீதத்தைக் குறித்தாள். அடுத்த வாரம் விநாடியை விட்டுவிட்டுச் சக்கரத்தின் சுற்றை எண்ணத் தொடங்கியிருந்தாள்: 56 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்குச் சுமார் 17.6 செ.மீ. பை (π) எதற்கு என்று வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

*

ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை பார்க்கும் அப்பா ஒருவர், "ராத்திரி நானே முடிச்சுத் தந்துடட்டுமா மேடம்?" என்றார். அன்பில் கேட்டது. ஆனால் நடுவர்கள் கேள்வி கேட்பது பிள்ளைகளிடம். ஓட்டத்தின்போது மேசையருகே நிற்பதும் அவர்கள்தான். மகன் எழுதும்போது பக்கத்தில் இருங்கள், விசைப்பலகையை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அவருக்கு அது கடினம். எனக்கும்தான்.

*

சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம். ஃபுட் சேர்த்த கருவிகள் அங்கேதான்; 1904-ல் சென்னை அரசு அவற்றை விலைக்கு வாங்கியது. பிள்ளைகள் கேள்விகளை எழுதித் தந்திருக்கிறார்கள். சின்னவன் எழுதியது: "அவர் எடுத்த எடத்துல இப்ப என்ன இருக்கு?" திரும்பும்போது பல்லாவரத்தில் இறங்க வேண்டும் என்று அவனே பென்சிலில் சேர்த்திருக்கிறான்.