கைத்தடியும் தன்மானமும்

குளியலறையில் வழுக்கி விழும் முதிய தாய், சுவரைப் பற்றி எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நிகழாதவள்போல் வெளியே வருகிறாள். பல இல்லங்களில் நிகழ்வதுதான் இது. வலியைவிட அவளை அதிகம் அஞ்சவைப்பது, மகன் அறிந்தால் என்ன சொல்வான் என்ற எண்ணமே. ‘அம்மா, இனி நீங்கள் தனியாக எங்கும் போக வேண்டாம்’ என்பான். அதன்பின் கோயிலுக்குச் செல்ல இயலாது. துளசிக்கு நீர் வார்ப்பதும் வேறொருவர் வேலையாகிவிடும். அன்பின் பெயரால் ஒருவரது நடமாட்டத்தைப் பறிப்பது அறமாகுமா?

மகனின் அச்சம் பொருளற்றதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. நம் நாட்டிலோ 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அந்த வயதினர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை.

ஆயினும், நாற்காலியில் அமர்த்திவைப்பது பாதுகாப்பு என்று எண்ணுவது பிழை. நடவாத கால்களில் தசை மெலிகிறது. உடலின் சமநிலை குன்றுகிறது. சில மாதங்கள் கழித்து நள்ளிரவில் கழிவறைக்குச் செல்ல எழும்போது அந்தக் கால்கள் தாங்குவதில்லை. விழாதிருக்க இட்ட தடையே விழுவதற்கு வழி செய்கிறது. அச்சத்தால் பிறந்த அன்பு, தான் அஞ்சியதையே வரவழைத்துக்கொள்கிறது.

‘உடல் அழியக்கூடியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை?’ என்று வேதாந்தம் பேசுவோரும் உண்டு. இந்த வேதாந்தம் பெரும்பாலும் பிறர் உடலைப் பற்றியே பேசப்படுகிறது! கடோபநிஷதம் உடலைத் தேராகவும் ஆன்மாவைத் தேரின் தலைவனாகவும் உருவகிக்கிறது. அச்சாணி தளர்ந்தால் நல்ல சாரதி அதைச் சீர்செய்வானேயன்றி, தேரைக் கொட்டகையில் பூட்டிவைக்கமாட்டான். தளர்ந்தபடியே ஓட்டவும் மாட்டான். 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தட்சிணேசுவரத்தில் பரவச நிலையில் நடந்துகொண்டிருந்த பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கீழே விழுந்ததில் அவரது இடக்கை எலும்பு பிசகியது. உடலுணர்வே அற்றுப்போகும் நிலையை அடிக்கடி எய்திய அவர் சிகிச்சையை மறுக்கவில்லை. கட்டுப் போட்ட கையுடன், இது குணமாகுமா என்று குழந்தையைப்போல் கேட்டார்.

முதியோர் பக்கமும் ஒரு கடமை உண்டு. கைத்தடியை வேண்டாமென்று ஒதுக்குவது தன்மானம் எனத் தோன்றலாம். பல நேரங்களில் அது அகங்காரமே. பஜகோவிந்தத்தில் தடியூன்றித் தள்ளாடும் கிழவரின் சித்திரம் வருகிறது. அங்கே இடித்துரைக்கப்படுவது அவரை விடாத ஆசைதான், அவர் கைத்தடியன்று. காந்தியடிகள் தம் இறுதி ஆண்டுகளில் மனு, ஆபா என்னும் இளம்பெண்களின் தோள்களைப் பற்றியே நடந்தார். அவர்களைத் தம் ஊன்றுகோல்கள் என்று விளையாட்டாகச் சொல்வார். 78 வயதில், 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்குச் சென்றதும் அவ்வாறே. சாய்ந்து நடந்ததால் அவரது சுதந்திரம் குறைந்ததாக எவரும் கருதியதில்லை.

ஆகவே, திருத்த வேண்டியது முதியவரின் நடையை அன்று. அவர் நடக்கும் வீட்டை. பெற்றோருக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அளிப்பதை 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் கடமையாக்கியது. ஈரத் தரையைத் துடைக்கவும், சுருண்டு கிடக்கும் மிதியடியை அகற்றவும் எந்தச் சட்டமும் வந்து நிற்காது. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். சற்றே கட்டிலில் அமர்ந்திருந்து எழுவது நலம். தூக்க மாத்திரை உண்பவராயின் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவதற்கு முன், அது எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்பதை அதைப் பற்றி எழப்போகிறவரிடமே கேட்டறிவது முறை.