கால் பங்கு

உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ 2011-இல் வெளிவந்த நூல். 38 அத்தியாயங்கள், ஏறத்தாழ 500 பக்கங்கள். அதைக் கூகுளின் நோட்புக்எல்எம் போன்ற ஒரு கருவியில் ஏற்றி, மன வரைபடம் கேட்டால், டீ ஆறுவதற்குள் முழு நூலும் திரையில் கிளை விரித்து நிற்கிறது. ஒரு கிளையைத் தொட்டால் உள்கிளை, அதைத் தொட்டால் இன்னொன்று. பார்க்க நிறைவாக இருக்கிறது, படித்து முடித்துவிட்ட திருப்தியும் வந்துவிடுகிறது. இந்தத் திருப்தியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கருவிகளோடு எனக்குப் பகை இல்லை. சுயமுன்னேற்ற நூல்களில் பல, பத்துப் பக்கக் கட்டுரையை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவை. யூடியூபில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர் பலரிடம் விஷயம் ஐந்து நிமிடத்துக்குத்தான் இருக்கும். மீதியெல்லாம் லைக் போடுங்க, பெல் பட்டனை அமுக்குங்க. இவற்றுக்குச் சுருக்கமே போதும். சுருக்கம் நமக்குப் புதியதும் இல்லை. கோனார் உரையைப் புரட்டாமல் தமிழ்ப் பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? நன்னூலும் நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலைத்தான் வைக்கிறது. ஆனால் பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது அதே நன்னூல் முதலில் வைப்பது குன்றக் கூறலை. ஒன்றைச் சுருக்கும்போது எந்த இடத்தில் அது குன்றிப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கானமன் நூலிலேயே ஓர் இடம். இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு அவர் உளவியல் பாடம் எடுக்கிறார். தவறைத் தண்டிப்பதைவிட முன்னேற்றத்தைப் பாராட்டுவதே பலன் தரும் என்கிறார். மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுக்கிறார்: வானில் நன்றாகக் கரணம் அடித்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறிவிடுகிறான். அவர் கண்ணால் பார்த்தது உண்மைதான், அதற்குக் கற்பித்த காரணம்தான் பிழை. அதைக் காட்ட, கானமன் தரையில் சாக்கட்டியால் ஒரு குறி வரைகிறார். ஒவ்வொருவரும் குறிக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயங்களை எறிய வேண்டும். முதல் எறியில் குறியை நெருங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் விலகுகிறார்கள். விலகியவர்களில் பெரும்பாலோர் நெருங்குகிறார்கள். அங்கே யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. மிக நன்றாக அமைந்த ஒன்றுக்குப் பின் சுமாரானது வருவதும், மிக மோசமானதற்குப் பின் சற்றுத் தேவலையானது வருவதும் இயல்பு.

வரைபடத்தில் இது ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்று மூன்றாம் நிலைக் கிளையாக வருகிறது. பிழை சொல்ல முடியாது. நூல் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறதோ, அந்த அளவில் கருவியும் கொடுக்கிறது. வாசிப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது. மகனுக்குக் கணக்குச் சொல்லித் தரும்போது தினமும் குரலை உயர்த்துகிற அப்பாவுக்கு அந்த மூன்றாம் நிலைக் கிளைதான் நூலே. பங்குச் சந்தையில் பணம் போட்டவருக்கு வேறோர் அத்தியாயம். போதாக்குறைக்கு, நம்மை ஒப்புக்கொள்ள வைப்பது அந்தச் சாக்கட்டிக் குறியும் நாணயங்களும்தான். சுருக்கத்தில் முதலில் உதிர்வதும் அவைதான். காணொளியிலும் இதே கதை. கருவிகள் பெரும்பாலும் பேச்சின் எழுத்து வடிவத்தை வைத்துத்தான் சுருக்குகின்றன. ஆசிரியர் பலகையில் போட்டுக் காட்டிய படம் அதில் சேராது.

இன்னொன்றும் உண்டு. நூலின் நான்காம் அத்தியாயத்தில் கானமன் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் சிலவற்றின் மீது பின்னாளில் பலத்த ஐயம் எழுந்தது. மிகக் குறைவான பேரை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று அவரே 2017-இல் ஒப்புக்கொண்டார். நூலை மட்டும் வைத்துக்கொண்டு வரையும் கருவி அந்த அத்தியாயத்தையும் மற்றவற்றோடு ஒரே வரிசையில் உட்கார வைக்கும். நிதானமாகப் படிக்கிறவர் “இது எப்படி?” என்று நின்று தேடினால்தான் இதெல்லாம் தெரியவரும்.

மன வரைபடத்தை உலகெங்கும் பரப்பியவர் டோனி பூசன். 1974-இல் பிபிசியில் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற தொடரை நடத்தியவர். தாளைக் குறுக்காக வை, நடுவில் ஒரு படம் போடு, கிளைகளை வளைத்து வரை, ஒரு கிளைக்கு ஒரே சொல் என்பவை அவர் விதிகள். கடைசி விதிதான் கடினம். இருபது பக்கத்துக்கு ஒரே சொல் எழுத வேண்டுமென்றால் பேனாவை வைத்துக்கொண்டு விழிக்க நேரும். புத்தகத்தை மறுபடி திறப்போம், எழுதியதை அடிப்போம். அந்த விழிப்பில்தான் புத்தகம் நமக்குள் இறங்குகிறது. கருவி நமக்கு மிச்சப்படுத்தித் தருவது அந்தச் சிரமத்தைத்தான்.

கையால் வரைந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் கார்ப்பிக், பிளண்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சாரார் பாடத்தைப் பார்த்துக் கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தியவர்கள் பார்க்காமல் எழுதியவர்கள்தான்.

பாடம் எப்படி நமக்குள் நிறைகிறது என்பதை நன்னூல் 13-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்வதை முழுக் கவனத்தோடு வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். எவ்வளவு நேர்த்தியான சுருக்கமானாலும் அது முதல் கால் பங்குக்குள் அடக்கம்.

என் அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் இந்த விமானப் படைக் கதையைச் சொன்னபோது, முடிக்கவிடாமல் கேட்டாள்: “அப்ப திட்டுறதுல பிரயோஜனமே இல்லைங்கிறியாடா? நான் திட்டித்தானே பத்துப் பேரு பாஸானாங்க?” எந்தக் கிளையிலும் இதற்குப் பதில் இல்லை. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கங்களை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. திட்டினால் பலனே இல்லை என்று கானமன் அங்கே சொல்லவில்லை. திட்டியதால்தான் தேறினார்கள் என்பதற்கு, அவர்கள் தேறியது மட்டும் சான்றாகாது என்கிறார். இந்த வித்தியாசம் எனக்கே அவள் கேட்ட பிறகுதான் துலங்கியது.

ஆகவே இப்போது கருவியை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். படிப்பதற்கு முன், இந்த நூல் என் நேரத்துக்குத் தகுமா என்று பார்க்க. படித்து, மூடி வைத்து, நானாக ஒரு படம் வரைந்த பின், எதை விட்டேன் என்று ஒப்பிட. இடையில் இருப்பதை அதனிடம் கொடுப்பதில்லை. இதனால் வருடத்துக்கு நான் முடிக்கும் நூல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. குறையட்டும். சுருக்கமாக நூறு நூல்களைத் தெரிந்துகொண்டு, யாராவது ஒரு கேள்வி கேட்டால் திரையைத் தேடுவதைவிட, அக்காவின் குறுக்குக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கிற நாலு நூல்கள் எனக்குப் போதும்.