எலுமிச்சையும் சிவப்புக் காலிப்பரும்

"பிரேக் பிடிக்கலைங்க." விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியதும் வண்டி ஓட்டியவர் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார். மறுநாள் செய்தித்தாளிலும் அதுவே காரணமாக அச்சாகிறது. கேட்பவர்கள் "பாவம், அவர் என்ன செய்வார், நேரம் சரியில்லை" என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கலைகிறார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. முறையாகப் பராமரித்த காரில் பிரேக் ஒரே நாளில் கைவிடுவது மிக அரிது. அது மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். பேடு தேய்ந்தால் அதில் பொருத்தியிருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். பெடல் வரவரக் கீழே இறங்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இத்தனையும் தெரிந்தும் "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று ஓட்டியவர், கடைசியில் பழியை விதியின் தலையில் கட்டுகிறார்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வண்டிக்காரர்கள். இவர்கள் எல்லாரும் பிரேக் கோளாறால் செத்தார்கள் என்று சொல்ல வரவில்லை; வேகமும் குடியும் தூக்கக் கலக்கமும் வாங்கிய உயிர்கள் ஏராளம். ஆனால் ஒரு கார் நிற்காமல் போனால் யார் மேல் போய் மோதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. உள்ளே இருப்பவருக்கு சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் உண்டு. வெளியே நிற்பவருக்கு உங்கள் பிரேக்கைத் தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. பிரேக் விஷயத்தை நான் ஒழுக்கத்தின் கணக்கில் சேர்ப்பது இதனால்தான்.

சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் ஏற்றி நசுக்கினால்தான் பலருக்கு வண்டியை ஓட்டவே மனம் வருகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கடன் போட்டு வாங்கிய கார். பிள்ளைகள் ஏறப்போகிற கார். பயத்தை மதிக்கிறேன், அதற்குச் சொல்லும் பரிகாரத்தை மறுக்கிறேன். உங்களை முனீஸ்வரர் காப்பார் என்றால், உங்கள் பம்பருக்கு எதிரே சாலையைக் கடக்கும் மூதாட்டியை யார் காப்பது? அவரும் காலையில் விளக்கேற்றி, திருநீறு இட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். அவருடைய சாமிக்கு உங்கள் சாமியைவிடச் சக்தி குறைவா? உங்கள் இருவருக்கும் இடையே அந்த நொடியில் இருப்பது பேடுக்கும் டிஸ்க்குக்கும், டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றுதான்.

எலுமிச்சையை விட்டுவிட்ட படித்த இளைஞர்களிடம் இன்னொரு நம்பிக்கை முளைத்திருப்பதையும் பார்க்கிறேன். சின்ன காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), அதுவும் இல்லையென்றால் மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி, ஓட்டை போட்ட டிஸ்க், பந்தயக் காரின் பேடு. "பிரேக் அப்கிரேடு பண்ணிட்டேன்" என்கிறார்கள். எத்தனை மீட்டர் முன்னால் நிற்கிறது என்று கேட்டால் அளந்து பார்த்தவர் இல்லை. அளக்காமல் நம்பினால் அதுவும் மூடநம்பிக்கைதான், பொறியியல் பட்டம் வாங்கியவர் நம்பினாலும்.

காரை நிறுத்துவது டயர். பிரேக்கின் வேலை சக்கரத்தின் சுழற்சியைப் பிடிப்பதோடு முடிகிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 60 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்ததும் பெடல் காலடியில் படபடவென்று அதிர்ந்தால், டயர் தாங்குவதற்கு மேல் பிரேக்கில் பலம் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது. காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, 60-இல் வரும் கார் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஏற்கெனவே ஓடியிருக்கும். 80-இல் இவை 36 மீட்டராகவும் 22 மீட்டராகவும் ஆகிவிடும். கோடு அழிந்த டயரை வைத்துக்கொண்டு பிரேக்குக்குச் செலவு செய்வதில் பலனில்லை.

பெரிய டிஸ்க்கின் உண்மையான ஆதாயம் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் ஓங்கி மிதிக்கும் பந்தயத் தடத்துக்கு அது தேவை. அண்ணா நகரிலிருந்து தாம்பரத்துக்கு அலுவலகம் போய்வரும் ஆல்ட்டோவுக்கோ சான்ட்ரோவுக்கோ தேவையில்லை. பந்தயப் பேடு சூடேறினால்தான் சரியாகக் கவ்வும். காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்பும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் அந்தப் பேடு குளிர்ந்து கிடக்கும். கம்பெனி பேடைவிடத் தாமதமாகத்தான் நிற்கும். டிஸ்க்கில் ஓட்டை போட்டால் சூட்டை வாங்கும் இரும்பு குறைகிறது. ஓட்டையின் விளிம்பிலிருந்தே விரிசலும் விடும். பின்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டுகிறவர்களும் உண்டு. மிதிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் முன்சக்கரங்களே செய்கின்றன. பின்னால் கை வைத்தால் முன்-பின் விகிதம் கெட்டு, மழைநாளில் வண்டி சுற்றிக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பெடலில் வைத்த காலை எடுக்காமல் வருகிறவரின் பிரேக் எதனால் கைவிடுகிறது? மலைக் காவல் தெய்வத்துக்குக் காசு போடாததால் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே அந்தத் தரத்துக்குப் போதும். டாட் 3 என்றால் 140. விடாமல் மிதித்த சூட்டில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. கால் தரையைத் தொட்டும் வண்டி ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். ஏறிய கியரிலேயே இறங்குவதற்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி ஏர் எடுப்பதற்கும் பெரிய செலவு ஒன்றுமில்லை. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரின் துணையையும் இழக்கிறார்கள்.

அப்படியென்றால் எதை வாங்குவது? இந்தியாவின் பிரேக் தொழிலுக்குத் தாய்வீடே நம் சென்னைதான். 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில். சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில். ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில். கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கும் அனுபவம் உள்ள தயாரிப்பாளரின், உங்கள் மாடலுக்கென்று குறிப்பிட்ட பேடு போதும். வாங்கும்போது கையில் எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பேடுகளில் எண்களோடு இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வைச் சொல்கிறது, இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ளதை. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் என்று இருந்தால் சூடேறியும் அதே அளவுக்குள் நிற்கிறது. எஃப்இ என்றால் சூட்டில் சரிகிறது. சிறு துண்டை வைத்துச் செய்த சோதனை இது, உங்கள் கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை இது சொல்லாது. ஆனாலும் கடைக்காரர் "இது சூப்பரா பிடிக்கும் சார்" என்று சொல்வதைவிட நம்பத்தக்க சாட்சி. எழுத்தே இல்லாத, பெட்டியில் முகவரியும் இல்லாத டூப்ளிகேட்டைச் சில நூறு ரூபாய்க்காக வாங்கினால், அந்த மிச்சத்தின் விலையை யாரோ ஒருவர் சாலையில் கொடுக்க நேரிடும்.

மெக்கானிக் கடைப் பையன் அந்த விலையை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் குழாயை வைத்து ஊதுவார்கள். கறுப்புத் தூசி அவன் முகத்தில் படியும். பல பத்தாண்டுகள் பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்தார்கள். அந்த இழை நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். ஆஸ்திரேலியா 2003 இறுதியோடு கல்நாரை முழுவதும் தடை செய்தது. இந்தியாவில் முழுத் தடை இன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத காத்து கருப்புக்குப் பயந்து மந்திரித்த கயிறு கட்டிக்கொள்கிற நாம், கண்ணுக்குத் தெரியாத இந்த இழைக்குப் பயப்படவில்லை. கல்நார் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவல் விட்டார். 1978-இல் அவர் இறக்கும்வரை அதை ஒருவரும் வெல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் "செய்து காட்டு" என்பதைத்தான். உங்கள் காரிடமும் அதையே கேளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்; பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. ஓடும் இன்ஜினோடு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல அமிழ்ந்தால் எங்கோ கசிவு. பின்னால் யாரும் வராத சாலையில் 40-இல் போய் நேராக மிதியுங்கள். இழுத்தால் ஒரு பக்கக் காலிப்பர் சிக்கியிருக்கலாம். புதுப் பேடு மாட்டிய அன்று, ஆளில்லாத இடத்தில் வேகமெடுத்து, முழுக்க நிறுத்தாமல் பல முறை மிதமாக மிதித்துப் பழக்குங்கள். முழுப் பிடி அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த ஆயுத பூஜைக்கு காருக்குப் பொட்டு வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். அதற்கு முன்பாக முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் சொல்வதை மட்டும் கேட்காமல் குனிந்து நீங்களே பாருங்கள். பேடு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அன்றே மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்கும் கீழே தேய்ந்திருந்தால் லேத்தில் விட்டுச் சமாளிக்காமல் புதிது போடுங்கள். அதுவரை அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர உங்களுக்கு உரிமை இல்லை.