வீணாய்ப் போன தியாகம் உண்டா?



பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் நந்தம்பாக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1952-ல் அமைக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் மரித்த 856 பேர் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று அங்கே கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு.

அதே மாதிரிக் கல் ஒன்று பிரான்ஸ் தேசத்து மெஹரிகூர் கிராமத்திலும் இருக்கிறது. அது ஆண்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடா வாலிபனுடையது. வின்னிபெக் நகரத்துப் பிள்ளை. போலந்திலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்குப் பிறந்தவன். வயது 27.

1944 ஜூன் 12 இரவு, ஏழு பேர் ஏறிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று பிரான்சிலுள்ள கேம்ப்ரே ரயில்வே யார்டைத் தாக்கப் புறப்பட்டது. வழியில் ஜெர்மன் விமானம் சுட்டதில் தீப்பற்றியது. எல்லாரும் குதிக்கும்படி கேப்டன் கட்டளையிட்டார். மைனார்ஸ்கி குதிக்கும் வாசலுக்கு வந்துவிட்டான். திரும்பிப் பார்த்தால், வால் பகுதிக் கூண்டில் நண்பன் பாட் பிரோபி சிக்கிக்கொண்டிருக்கிறான்! கூண்டு திரும்பவில்லை. நடுவிலே நெருப்பு. மைனார்ஸ்கி முழங்காலால் தவழ்ந்து நெருப்புக்குள்ளே போனான். கோடாரியால் அடித்தான், கையால் இழுத்தான். அசையவில்லை. உடையும் பாராசூட்டும் எரிய ஆரம்பித்தன. நீயாவது தப்பித்துப் போ என்று பிரோபி கையசைத்தான். வாசலுக்குத் திரும்பி வந்த மைனார்ஸ்கி, நண்பனைப் பார்த்து நிமிர்ந்து சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தான். தீக்காயத்தினால் அன்றே மரித்தான்.

விமானம் தரையில் மோதியது. வால் கூண்டு பிய்ந்து பிரோபி வெளியே வீசப்பட்டான். உயிர் பிழைத்தான்! மற்ற ஐந்து பேரும் தப்பினார்கள். ஏழு பேரில் மரித்தது மைனார்ஸ்கி ஒருவனே.

இதை வாலிபர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், கூண்டு தொறக்கவே இல்ல. அவர் பேசாம குதிச்சிருந்தா ரெண்டு பேருமே பொழச்சிருப்பாங்க. அப்போ அது வீண்தானே?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ விலையேறப்பெற்ற தைலத்தை ஆண்டவர் சிரசில் ஊற்றினபோதும், பக்கத்திலிருந்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள் (மாற்கு 14:3-9). அந்தத் தைலம் சிலுவையைத் தடுக்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் லாப நஷ்டக் கணக்குப் பார்க்கவில்லை. அவளால் எது முடிந்ததோ அதைச் செய்தாள் என்று ஏற்றுக்கொண்டு, அவளை நினைக்கும்படி அதை உலகமெங்கும் சொல்லவும் வைத்தார்.

பிரோபிக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் முடிந்தது என்ற நேரத்தில் ஒருவன் தன்னைத் தேடி வந்தான்! அதைக் கண்ணால் கண்ட சாட்சி பிரோபி ஒருவனே. அவன் பிழைத்து வந்து சொன்னதினால்தான், 1946-ல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் விருது கொடுக்கப்பட்டது. அவனும் மரித்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திராது. மனுஷருக்குத் தெரியாமல் போயிருந்தால் மட்டும் அந்த அன்பு குறைந்து போயிருக்குமா?

நான் யுத்தத்தைப் புகழ இதை எழுதவில்லை. அந்த விமானம் குண்டு போடப் போன விமானம். நேச நாடுகளின் குண்டுகளால் பிரான்சின் சாதாரண ஜனங்களும் ஏராளமாய் மாண்டார்கள். தியாகம் பண்ணினவன் அதனாலேயே இரட்சிக்கப்பட்டான் என்றும் நான் போதிக்க மாட்டேன். கிருபையினாலே மாத்திரம் இரட்சிப்பு, நியாயத்தீர்ப்பு தேவனுடையது. ஆனால் அந்த இரவில் கண்ட அன்பு நம்மை ஒரு கேள்வி கேட்கிறது.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு சகோதரர் கேன்சரில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் எண்ணெய் பூசி ஜெபிக்க வீடு நிறைய ஆள். உபவாசம், சங்கிலி ஜெபம் எல்லாம் உண்டு. சுகமானால் மேடையில் சாட்சி! சுகம் வரவில்லையென்றால்? நாலாம் மாதம் பக்கத்தில் மனைவி மட்டும்தான். நமக்கு அன்பு இல்லாமல் போகவில்லை. ஜெபித்தும் கதவு திறக்கவில்லையே, எந்த முகத்தோடு போவது என்கிற கூச்சம். பிரியமானவர்களே, போங்கள்! யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே (யோபு 2:13), அதுவரைக்கும் நல்ல ஊழியம்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். பலன் கொடுப்பது கர்த்தருடைய வேலை. நெருப்புக்குள் தவழ்ந்து போவது நம்முடைய வேலை.

மைனார்ஸ்கி நண்பனுக்காகப் போனான். கூண்டைத் திறக்க முடியவில்லை. நம்முடைய ஆண்டவரோ, நாம் சத்துருக்களாய் இருக்கும்போதே நமக்காக மரித்தார் (ரோமர் 5:8-10). அவர் கூண்டைத் திறந்தும் விட்டார். அல்லேலூயா! திறக்கப்பட்டு வெளியே வந்த நாம் யாரைத் தேடிப் போகப் போகிறோம்?

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!