படல் சாத்தும் நேரம்



தவக்காலத்தில் ஒரு ராத்திரி நம் ஊரில் ஐந்து ஆடு செத்தது. யார் வீட்டில் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் விடியுமுன்னே அங்கே போய் நின்றீர்கள். நான் போகும்போது மணி ஆறரை. அந்த வீட்டுப் பாட்டி திண்ணையில் இருந்தார். அழவில்லை. "ஒண்ணையும் திங்கல சாமி. கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு" என்று மட்டும் சொன்னார். 2011இல் அரசாங்கம் ஏழைப் பெண்களுக்கு விலையில்லாமல் நாலு நாலு ஆடு கொடுக்க ஆரம்பித்ததே, அதில் கிடைத்த ஆட்டின் வழியில் வந்தவை இவை. பேத்தியின் காலேஜ் ஃபீஸ் அந்தத் தொழுவத்தில்தான் கட்டிக் கிடந்தது.

நரி என்றார் ஒருவர். நரி வந்தால் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும், ஐந்தைக் கொன்றுபோட்டு வெறும் வாயோடு போகாது. சிறுத்தை என்றார் இன்னொருவர். நம் தேரிக்காட்டில் சிறுத்தைக்கு என்ன வேலை? மண்ணில் கிடந்த தடத்தைப் பார்த்த பெரியவர்தான் மெதுவாகச் சொன்னார், "நாய்". எந்த நாய் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் கோயிலின் பின்சுவருக்கு வெளியே கிடக்கும் நாய்கள்.

அவற்றை அங்கே வளர்த்தது யார்? ஜனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாள். ஆடுமாடுகளுக்குக் காவலான புனிதர். அன்று காலையில் நீங்கள் கூட்டிவந்த ஆடுகளை நான் தீர்த்தம் தெளித்து மந்திரித்தேன். மத்தியானம் அசனம், ஊருக்கே விருந்து. அசனம் முடிந்ததும் எச்சில் இலையும் எலும்பும் எங்கே போனது? பின்சுவருக்கு வெளியே. அதற்குப் பிறகு கல்யாண வீட்டு மிச்சம், புதுநன்மை விருந்து மிச்சம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கழிவு, எல்லாம் அங்கேதான். கறி ருசி பழகி, கூட்டமும் சேர்ந்த நாய்க்கு ஒருநாள் இலை கிடைக்காமல் போனால் அது என்ன செய்யும்? தவக்காலத்தில் நாம் கறியை நிறுத்தினோம். அந்த நாய்களுக்கு யார் நோன்பு சொல்லிக் கொடுத்தது?

மந்திரித்தவனும் நான்தான், அந்தக் குப்பையைப் பார்த்தும் பார்க்காமல் போனவனும் நான்தான். இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னால் மட்டும் போதாது என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

இன்று நல்லாயன் ஞாயிறு. யோவான் 10ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களைக் கேட்டோம். கவனித்தீர்களா, அதில் ஓநாய் வரவில்லை. ஓநாய் 12ஆம் வசனத்தில்தான் வருகிறது. 'நல்ல ஆயன்' என்ற பேரும் 11இல்தான். அதற்கு முன்னால், இரண்டு தடவை, ஆண்டவர் தம்மை வாயில் என்கிறார். மேய்ப்பன் என்றால் நமக்குப் பிடிக்கும், தோளில் குட்டியைத் தூக்கி வைத்துப் படம் வரையலாம். வாயிலை யார் படம் வரைவார்கள்? நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் படல். பனைமட்டையில் கட்டிய படல். காலையில் திறக்கணும், சாயங்காலம் சாத்தணும். அதற்கு வேறு வேலை இல்லை. யூதேயா மலைப்பக்கம் ஆட்டுப்பட்டி என்றால் கல்லை அடுக்கிய சுற்றுச்சுவர், மேலே முள், ஒரே ஒரு வழி. அந்த வழியில் ஆயனே குறுக்கே படுத்துக்கொள்வான் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இங்கே வந்து வயலில் கிடை போடுகிற கீதாரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவர் கட்டில் எப்போதும் கிடையின் ஓரத்தில்தான் கிடக்கும்.

நமக்கு ஆட்டைக் கொன்றதன் மேல்தான் கோபம் வருகிறது. வேதம் படலைப் பார்க்கச் சொல்கிறது.

கோழி வைத்திருக்கிற அம்மாமார்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். கீரி பகலில் வரும். மரநாய் ராத்திரி வரும். பனையில் ஏறிக் கலயத்துப் பதநீரையே குடிக்கிற ஆசாமிக்கு உங்கள் கூரை எம்மாத்திரம்? ஓட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கும். கோழிக்கோ இருட்டினால் கண் தெரியாது. கொடியில் ஒடுங்கி உட்கார்ந்தால், எதிரி பக்கத்தில் வந்தாலும் ஓடத் தெரியாது. அதனால் அதற்காக விழித்திருக்க வேண்டியவள் நீங்கள். பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் போதாது, மேலே ஒரு கல் வைக்க வேண்டும். அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. அதைப் பல்லாலேயே கிழித்துவிடும். காசு இருந்தால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள், அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள், பறித்துக்கொண்டு வருவது அங்கே முட்டி நிற்கும். காசு இல்லாவிட்டால் கருவேல முள் இருக்கிறது, அதை நம் ஊரில் யாரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆடு ஈன்றால் இளங்கொடியைக் குப்பையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். அந்த வாடைக்குத்தான் நாய் முதலில் வரும்.

மறையுரையில் சாமி வேளாண்மை வகுப்பு எடுக்கிறார் என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொடக்கநூல் 31ஐ வீட்டில் போய் வாசியுங்கள். இருபது வருஷம் மாமனாருக்கு ஆடு மேய்த்த யாக்கோபு என்ன கணக்குச் சொல்கிறார்? பகலில் வெயில், ராத்திரியில் குளிர், கண்ணில் தூக்கம் இல்லை. காட்டு விலங்கு கிழித்ததை மாமனாரிடம் கொண்டுபோகாமல் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டாராம். சட்டப்படி அவர் அப்படிச் செய்ய வேண்டியதே இல்லை. கிழிபட்டதைச் சாட்சிக்குக் கொண்டுவந்து காட்டினால் ஈடு கட்ட வேண்டாம் என்று பிற்பாடு வந்த விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆமோஸ் இறைவாக்கினர், ஆடு மேய்த்தவர், சிங்கத்தின் வாயிலிருந்து ஆயன் மீட்பது இரண்டு காலோ ஒரு காதுத் துண்டோதான் என்கிறார். அந்தக் காதுத் துண்டு எதற்கு? சாட்சிக்குத்தான். இன்றைக்கும் இழப்பீட்டுக்கு மனு எழுதப் போனால் கால்நடை மருத்துவர் பார்த்துக் கொடுத்த சான்றைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆகவே செத்ததை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடு செத்த அந்த வாரமே இரண்டு இளைஞர்கள் என்னிடம் வந்து, கறியில் பூச்சிமருந்து தடவி வைக்கட்டுமா என்று கேட்டார்கள். கேட்டது நல்லது. அதைத் தின்பது நாய் மட்டுமா? மயில் தின்னும், காகம் தின்னும், கீரியும் மரநாயும் தின்னும், தவழ்கிற பிள்ளையும் தொடும். கீரியையும் மரநாயையும் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது போலீஸ் சொல்ல வேண்டியது. நான் சொல்வது வேறு. திருப்பாடல் 104, இரைக்காக முழங்கும் சிங்கக்குட்டியையும் கடவுளிடம் கையேந்துகிற பிள்ளையாகத்தான் பார்க்கிறது. உங்கள் வீட்டு எலியையும் பாம்பையும் பிடிப்பது அந்தக் கீரிதான். அதற்கு வயிறு கொடுத்தவர் உங்களுக்குப் படல் கட்டக் கை கொடுத்திருக்கிறார்.

ஆண்டவர்கூட லூக்கா 13இல் ஏரோதை நரி என்றார். நரிக்கு எதிராகத் தம்மைச் சிங்கம் என்றா சொல்லிக்கொண்டார்? அதே மூச்சில் கோழி என்றார், குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டுகிற தாய்க்கோழி. மேலே பருந்து வட்டமிடும்போது நம் முற்றத்துக் கோழி ஒரு குரல் கொடுக்கும், கேட்டிருப்பீர்கள். உடனே ஓடிவருகிற குஞ்சு பிழைக்கும். எருக்குழியில் இன்னும் ஒரு புழு கிண்டிவிட்டு வருகிறேன் என்று நிற்கிற குஞ்சு போகும். தாய்க்கோழிக்குக் கொம்பு இல்லை, பல் இல்லை. அதனிடம் இருப்பது குரலும் சிறகும்தான்.

நாளைத் திங்கள் காலை ஆறு மணிக்கு மண்வெட்டி உள்ளவர்கள் பின்சுவர்ப் பக்கம் வாருங்கள். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, மேலே மூடி போடப் போகிறோம். இனி அசனம் நடத்துகிற குடும்பம் எதுவானாலும் எச்சில் இலை அந்தக் குழிக்குள் போய் மூடி விழுந்த பிறகுதான் பாத்திரம் கழுவணும். அங்கே ஏற்கெனவே கிடக்கிற நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போடப் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அன்பியப் பொறுப்பாளர்கள் திருப்பலி முடிந்ததும் அதில் கையெழுத்திட வேண்டும். பாட்டிக்கு இரண்டு பெட்டைக் குட்டி வாங்க வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியல் வாசலில் இருக்கிறது. முதல் நூறு ரூபாய் நான் போட்டுவிட்டேன்.

மூவேளைச் செபத்துக்கு மாலை ஆறு மணிக்கு அடிக்கிற மணியை இனி உபதேசியார் பத்து நிமிஷம் முன்னதாகவே அடிப்பார். மணிச் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு தேடுங்கள், படலைப் பிறகு சாத்தலாம். செபத்துக்கு நேரம் பிந்தினால் பரவாயில்லை.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.